ஓடும்போது நோகாத காயம்

எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அண்ணை ஒருவர், மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கிணற்றடிக்குப் போய் ஒரு வாளித் தண்ணீரை இடது பாதத்தில் மெல்ல மெல்ல ஊற்றுவார். முழுக்காலிலும் இல்லை. பாதத்தின் வெளிப்பக்கம் மட்டும், சின்ன விரலில் இருந்து குதிவரை. ஊற்றி முடித்த பிறகு துடைக்க மாட்டார். துவாய் பட்டால் எரியும். 2009 தொடக்கத்தில் உடையார்கட்டுப் பக்கம் ஒரு ஷெல் பீஸ் அவருடைய இடது தொடையின் பின்பக்கத்தில் ஏறியது. பீஸை எடுத்தாயிற்று, காயம் ஆறி வடுவும் மங்கிவிட்டது. பாதத்தில் அன்றைக்கும் காயம் இல்லை, இன்றைக்கும் இல்லை. ஆனால் எரிவது பாதம்.

அவர் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை இன்னொன்று. "அண்டைக்கு நோகேல்லை ரீச்சர். மகளைத் தூக்கிக்கொண்டு ஓடேக்க ஒண்டும் தெரியேல்லை. பங்கருக்குள்ள குந்தினாப்பிறகுதான் சாரம் நனைஞ்சு கிடக்கிறதைக் கண்டனான். தண்ணிப்போத்தில் ஊத்துப்பட்டுட்டுதாக்கும் எண்டு நினைச்சன்."

காயம் திறந்து கிடந்தபோது நோ இல்லை. காயம் மூடிய பிறகு, காயமே படாத இடத்தில் நோ. இதைக் கேட்கும் ஆட்கள் ஒன்று அவர் கூட்டிச் சொல்கிறார் என்பார்கள், இல்லையென்றால் "மனசில இருக்கிற வருத்தம்" என்பார்கள். இரண்டும் அவரை நோகச் செய்கின்றன. நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். அவர் சொல்வதில் ஒரு வரியைக்கூட நம்பாமல் விடவேண்டியதில்லை என்பதை எங்கள் பாடத்துக்குள்ளிருந்தே காட்ட முடியும். அந்த விளக்கத்தின் பெரும்பகுதியை எங்களுக்குத் தந்தவை சுண்டெலிகள். வன்னியில் எலி என்றால் எலிக்காய்ச்சலும் வயலில் அறுத்துப்போட்ட கதிரும்தான் ஞாபகம் வரும். ஆனால் நோவைப் பற்றி இன்றைக்கு உலகம் அறிந்திருப்பதில் பாதிக்கு மேல் ஆய்வுகூடத்து எலிகளின் வாலில் இருந்தும் பாதத்தில் இருந்தும் வந்தது என்றே சொல்வேன்.

அட்ரினலின் என்ற பெயர் எல்லாருக்கும் தெரியும். பயம், கோபம், ஓட்டம் என்றால் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சுரப்பியிலிருந்து இரத்தத்துக்குள் கொட்டும் ஓமோன். அதன் உடன்பிறப்பு நோரட்ரினலின். அது பெரும்பாலும் நரம்பு முனைகளில் இருந்து வருகிறது. ஆபத்து நேரத்தில் உடம்பைத் தயார்ப்படுத்தும் பரிவு நரம்புகள் தங்கள் செய்தியைக் கொடுப்பது இந்தப் பொருளால்தான் என்பதை 1946இல் சுவீடனைச் சேர்ந்த உல்ஃப் வொன் ஒய்லர் காட்டினார்; 1970இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்த இரண்டு பொருளும் கலத்துக்குள் நுழைந்து வேலை செய்வதில்லை. கலத்தின் மேலுறையில் இருக்கும் ஒரு புரதத்தில் வந்து பொருந்துகின்றன. அந்தப் புரதத்தைத்தான் எங்கள் பாடப்புத்தகம் வாங்கி என்று சொல்கிறது. ஏற்பி என்று எழுதுவோரும் உண்டு.

ஒரே பொருள் சில இரத்தக்குழாயைச் சுருக்குகிறது, சிலதை விரிக்கிறது. அது எப்படி? 1948இல் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் வேலை செய்த ரேமண்ட் அல்க்விஸ்ட், வாங்கி ஒருவகை இல்லை, இரண்டு வகை என்று எழுதினார். அல்பா, பீற்றா என்று பெயர் வைத்தார். முதலில் அனுப்பிய ஆய்விதழ் அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டது. இன்றைக்கு அந்த இரண்டும் ஒன்பதாகப் பிரிந்திருக்கின்றன: அல்பா-1இல் மூன்று, அல்பா-2இல் மூன்று, பீற்றாவில் மூன்று.

இதை வகுப்பில் சொல்லும்போது நான் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தைத்தான் எடுப்பேன். குளத்தில் இருப்பது ஒரே தண்ணீர். துருசைத் திறந்தால் வாய்க்காலால் போய்ப் பயிரை வளர்க்கும். வான்கதவு திறந்தால் அதே தண்ணீர் கீழே இருக்கும் ஊர்களுக்குள் ஏறும். 2018 மார்கழியில் அதைப் பார்த்தோம். தண்ணீர் நல்லதா கெட்டதா என்று கேட்பதில் பொருள் இல்லை. எந்தக் கதவு திறந்தது, எந்தப் பக்கம், எப்போது என்று கேட்க வேண்டும். நோவில் நோரட்ரினலினின் கதை முழுக்க முழுக்க இந்தக் கேள்விதான்.

முதலில் துருசுப் பக்கம். மூளைத்தண்டில் நீலப்புள்ளி என்று ஓர் இடம் இருக்கிறது. மனிதரில் அந்தத் திசு உண்மையாகவே நீலம் கலந்த நிறத்தில் தெரியும். இலத்தீன் பெயரின் பொருளும் அதுதான். சுண்டெலியின் மூளையில் அங்கே ஒரு பக்கத்துக்குச் சுமார் 1,500 நரம்புக் கலங்கள்தான் உண்டு. அவ்வளவு சின்ன இடம் மூளை முழுவதுக்கும் நோரட்ரினலின் அனுப்புகிறது. அதிலிருந்தும் பக்கத்தில் உள்ள இன்னும் இரண்டு மூன்று கூட்டங்களிலிருந்தும் நார்கள் கீழே இறங்கி, முதுகெலும்புக்குள் ஓடும் முண்ணாணுக்குள் வருகின்றன. வந்து சேரும் இடம் முக்கியமானது. காலிலிருந்தோ கையிலிருந்தோ நோவுச் செய்தியைக் கொண்டுவரும் நரம்பு, அடுத்த நரம்பிடம் அதைக் கையளிக்கும் இடம் அது. முண்ணாணின் பின்கொம்பு என்போம்.

செய்தி கொண்டுவரும் நரம்பின் முனையில் அல்பா-2ஏ வாங்கி உட்கார்ந்திருக்கிறது. நோரட்ரினலின் அதில் பொருந்தினால் அந்த முனையில் கல்சியம் நுழையும் வழி ஒடுங்கும். கல்சியம் உள்ளே போகாவிட்டால் குளுட்டமேட்டும் சப்ஸ்டன்ஸ் பி என்ற பொருளும் வெளியே வராது. அப்போது செய்தி கையளிக்கப்படாது. அடுத்த பக்கத்தில் செய்தியை வாங்கும் கலத்திலும் அல்பா-2 வகை உண்டு. அது பொற்றாசியம் வெளியேறும் வழியைத் திறந்து அந்தக் கலத்தைச் சோர வைக்கும். ஆக கொடுப்பவரின் வாயையும் பொத்தி, கேட்பவரின் காதையும் பொத்துவது போல. கால் கிழிந்திருக்கிறது; செய்தி புறப்பட்டிருக்கிறது; முதல் தபால் கந்தோரிலேயே நின்றுவிட்டது.

அண்ணை ஓடியபோது இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். இது மட்டுமே என்று சொல்ல வரவில்லை. உடம்பு தானே சுரக்கும் மோர்பின் போன்ற பொருள்களும் அந்த நேரத்தில் வேலை செய்யும். 1944இல் இத்தாலியின் அன்சியோ கரையில் படுகாயப்பட்ட படையினரைப் பார்த்த ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க மருத்துவர், அவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் நோ மருந்து கேட்கவில்லை என்று 1946இல் எழுதினார். "உயிர் தப்பிவிட்டேன், இனி வீட்டுக்குப் போகலாம்" என்ற நினைப்பே நோவைக் குறைத்தது என்பது அவருடைய விளக்கம். அது படையினருக்குப் பொருந்தலாம். பங்கரிலிருந்து பங்கருக்கு ஓடிய சனத்துக்கு வீடு என்று ஒன்று பின்னால் இல்லை. அவர்களுக்கும் நோகவில்லை. அதனால் அர்த்தத்துக்கும் கீழே, நரம்பிலேயே ஒரு பூட்டு இருக்கிறது என்ற விளக்கம்தான் எனக்குக் கிட்டத்தில் படுகிறது.

அந்தப் பூட்டை எலியில் எப்படிக் கண்டார்கள்? எலி வாய் திறந்து சொல்லாது. எனவே அதன் உடம்பைக் கேட்கிறார்கள். வாலின் நுனியைச் சூடான நீரில் வைத்து, எத்தனை விநாடியில் இழுக்கிறது என்று எண்ணுவார்கள். சூட்டுத் தட்டில் விட்டு, எப்போது பாதத்தை நக்குகிறது என்று பார்ப்பார்கள். நைலோன் மயிர் ஒன்றைப் பாதத்தின் அடியில் வளையும்வரை அழுத்துவார்கள். மெல்லிய மயிரில் தொடங்கிப் படிப்படியாகத் தடித்த மயிருக்குப் போவார்கள். இந்த மயிர்ச் சோதனை மக்சிமிலியன் வொன் ஃப்ரை என்ற உடலியலாளர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மனிதருக்கென்று தொடங்கியது. இதைப் படித்த நாளில் எனக்கு அண்ணையின் துவாய்தான் ஞாபகம் வந்தது. நரம்பு பழுதான எலி, மற்ற எலிகள் கவனிக்கவே கவனிக்காத மெல்லிய மயிருக்கே காலை உதறி இழுக்கும். துவாய் பட்டு எரிவதும் அதுவும் ஒன்றுதான்.

எலிச் சோதனையை எவ்வளவு கவனமாக எடுக்க வேண்டும் என்பதற்கும் ஒரு நல்ல சான்று இருக்கிறது. கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி மோகிலின் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வு அது. பக்கத்தில் ஓர் ஆண் இருந்தால் எலிகள் காட்டும் நோ குறைகிறது. பெண் இருந்தால் குறைவதில்லை. ஆண் அணிந்த ரீசேட்டை வைத்தாலே போதும். ஆண் வாடை எலிக்கு அச்சம், அச்சம் நோவை அமுக்குகிறது. அப்படியென்றால் முன்னர் செய்த எத்தனை சோதனைகளில் மயிரைப் பிடித்தது யார் என்பதே முடிவை மாற்றியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அண்ணையின் ஓட்டம் அந்த எலிக்கூட்டுக்குள்ளும் இருக்கிறது.

இனி அந்த வாங்கி. 1996இல் அமெரிக்காவின் வண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் லீ லிம்பேர்டின் குழு ஒரு சுண்டெலியை உருவாக்கியது. அல்பா-2ஏ வாங்கிப் புரதத்தில் சுமார் 450 அமினோ அமிலங்கள். அதில் 79ஆவது இடத்தில் இருந்த அஸ்பார்ட்டிக் அமிலத்தை மட்டும் அஸ்பரஜீனாக மாற்றினார்கள். ஒரேயோர் எழுத்து. எலி பிறந்தது, தின்றது, ஓடியது. ஆனால் அல்பா-2 வாங்கியைத் தூண்டும் மருந்தை முண்ணாணுக்குள் கொடுத்தபோது, மற்ற எலிகளில் நோ அடங்கியது; இந்த எலியில் அடங்கவில்லை. 1997இல் லோரா ஸ்டோனும் மினசோட்டாவில் அவருடன் வேலை செய்தவர்களும் இதைக் காட்டினார்கள். இன்னொன்றும் கண்டார்கள்: மோர்பினும் அல்பா-2 மருந்தும் சேர்ந்தால் இரண்டின் கூட்டுத்தொகைக்கும் மேலே வேலை செய்யும், இந்த எலியில் அந்தக் கூட்டு வலுவும் போய்விட்டது. பிறகு 2002இல் வேறு ஆய்வாளர்கள் நோரட்ரினலினே சுரக்காத எலிகளைப் பார்த்தார்கள். அவை சூட்டுக்குக் கூடுதலாக நொந்தன, மோர்பின் அவற்றில் நன்றாக வேலை செய்யவில்லை. அதாவது துருசு ஆபத்து நேரத்துக்கு மட்டும் உரியதில்லை, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் திறந்தே இருக்கிறது.

வன்னியில் மாடு வைத்திருப்பவர்கள் அல்பா-2 என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அது வேலை செய்வதைக் கண்ணால் கண்டிருப்பார்கள். கட்டுத்துவக்கில் பட்டுக் காட்டிலிருந்து நொண்டி வந்த பசு ஒன்றுக்கு மாட்டு டொக்டர் ஊசி போட்டதை நான் கிட்ட நின்று பார்த்தேன். சில நிமிடத்தில் தலை தாழ்ந்தது. கீழுதடு தொங்கியது, எச்சில் நூலாக இறங்கியது. முன்னங்கால் மடித்துப் படுத்துக்கொண்டது. அவர் காயத்துக்குள் விரல் விட்டுத் துழாவித் தைத்தபோது ஒரு முறைகூட உதைக்கவில்லை. அப்படிப் போடும் மருந்துகளில் பெயர்போனது சைலசின். ஜேர்மனியின் பேயர் நிறுவனம் 1962இல் கண்டுபிடித்த அல்பா-2 மருந்து. குதிரைக்குக் கொடுப்பதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே மாட்டுக்குப் போதும். அசை போடும் விலங்குகளுக்கு அது அவ்வளவு வேகமாக ஏறும்.

அப்படியென்றால் மனிதருக்கும் அதைக் கொடுத்துவிட்டால் என்ன என்று பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இதே இனத்தைச் சேர்ந்த குளொனிடின் மனிதருக்கு உண்டு. முண்ணாணைச் சுற்றிய இடைவெளிக்குள் அதைச் செலுத்திக் கடும் புற்றுநோய் வலியைக் குறைக்க 1996இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. டெக்ஸ்மெடெட்டொமிடின் 1999இலிருந்து தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பயன்படுகிறது. ஆனால் வீட்டில் வைத்து விழுங்கும் நோக் குளிசையாக இவை வரவில்லை. காரணத்தையும் அந்த ஓரெழுத்து மாறிய எலிதான் சொன்னது. அதற்கு அல்பா-2 மருந்து கொடுத்தால் நோவும் அடங்கவில்லை, நித்திரையும் வரவில்லை, இரத்த அழுத்தமும் மற்ற எலிகளைப் போல இறங்கவில்லை. மூன்று வேலையையும் ஒரே வாங்கிதான் செய்கிறது. எனவே நோவை மட்டும் எடுத்துவிட்டு மற்ற இரண்டையும் விட்டுவைக்க முடியாது. பசு படுத்ததும் எச்சில் விட்டதும் நோகாமல் கிடந்ததும் ஒரே கதவால் வந்தவை.

சரி, இதுவரை நோரட்ரினலின் நல்ல பக்கம். அண்ணையின் பாதத்துக்கு வருவோம்.

நரம்பு காயப்பட்டவர்கள் ஈரத்தை நாடுவதை முதலில் விரிவாக எழுதியவர் வைர் மிச்செல். அமெரிக்க உள்நாட்டுப் போரில் நரம்பில் சூடுபட்ட படையினரை ஃபிலடெல்ஃபியாவில் வைத்துப் பார்த்த மருத்துவர். 1864இல் அவரும் இன்னும் இருவரும் எழுதியதில் வரும் ஆட்கள், எரியும் கையில் ஈரத்துணியைச் சுற்றியபடியே இருக்கிறார்கள். சப்பாத்துக்குள் தண்ணீர் ஊற்றி நடக்கிறார்கள். அந்தப் பக்கத்தை வாசித்தபோது கிணற்றடியும் வாளியும் கண்ணுக்கு முன்னால் வந்தன. முதலாம் உலகப் போரில் ரெனே லெரிஷ் என்ற பிரெஞ்சுச் சத்திரசிகிச்சை நிபுணர், இப்படி எரியும் கைகளில் இரத்தக்குழாயைச் சுற்றியிருந்த பரிவு நரம்பு நார்களை உரித்தெடுத்தார்; 1916இல் அதை எழுதினார். சிலருக்கு எரிவு குறைந்தது. பரிவு நரம்பு என்றால் நோரட்ரினலின். உள்ளே நோவை அமுக்கும் பொருள், வெளியே நோவை ஊட்டுகிறதா?

ஆரோக்கியமான தோலில் நோவு நரம்பு நோரட்ரினலினைக் கணக்கெடுப்பதில்லை. பக்கத்தில் ஊற்றினாலும் பேசாமல் இருக்கும். நரம்பு பழுதானதும் கதை மாறுகிறது. 1991இல் முயல்களில் பார்த்தார்கள்: காயப்பட்ட நரம்பின் நோவு நார்கள் நோரட்ரினலினுக்கே சுடத் தொடங்கின. 1993இல் எலிகளில் இன்னும் விசித்திரமானது தெரிந்தது. காலின் பெரிய நரம்பைக் கட்டிவிட்டால், முதுகெலும்பின் ஓரத்தில் உள்ள உணர் நரம்பு முடிச்சுக்குள், இரத்தக்குழாய்களோடு கூட வந்த பரிவு நரம்பு நார்கள் முளைவிட்டு வளர்ந்து, உணர் கலங்களைக் கூடை பின்னியதுபோலச் சுற்றிக்கொள்கின்றன. இரண்டும் வெவ்வேறு கம்பி. ஒன்று செய்தியை உள்ளே கொண்டுவருவது, மற்றது கட்டளையை வெளியே கொண்டுபோவது. காயத்துக்குப் பிறகு அவை ஒன்றோடொன்று பின்னிவிடுகின்றன. 2000இல் அந்த ஓரெழுத்து மாறிய சுண்டெலியையே எடுத்து அதன் கால் நரம்பைக் காயப்படுத்திப் பார்த்தார்கள். மற்ற எலிகளுக்கு வந்த சூட்டு எரிவு அதற்கு அந்த அளவுக்கு வரவில்லை. அதாவது முண்ணாணில் நோவைப் பூட்டிய அதே அல்பா-2ஏ, வெளியே காயப்பட்ட நரம்பில் நோவை வளர்க்கக் கைகொடுத்திருக்கிறது.

இந்தக் கண்டுபிடிப்பு எனக்குத் தனிப்பட்ட முறையில் பெரியது. எங்கள் கோயில் திருவிழாவில் வெடி போடும்போது அண்ணை வீதியை விட்டு விலகிப் போய் மடத்துத் திண்ணையில் குந்துவார். பயத்தில் போகிறார் என்று எல்லாரும் நினைத்தோம். ஒருநாள் கேட்டேன். "வெடிச் சத்தம் பாதத்திலதான் விழுகுது" என்றார். கவித்துவமாகச் சொன்னதாக அப்போது எடுத்துக்கொண்டேன். அவர் கவிதை சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். திடுக்கிட்டால் பரிவு நரம்பு சுடும், நோரட்ரினலின் கொட்டும், பின்னிய கம்பி இருக்கும் இடத்தில் அது நோவாக மாறும். இத்தகைய வலி உள்ள சிலருக்கு, திடீர்ச் சத்தமோ குளிரோ பட்டால் வலி ஏறுவதையும், தோலுக்குள் சிறிதளவு நோரட்ரினலின் ஏற்றினால் அது கூடுவதையும் மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். எல்லாருக்கும் அப்படி இல்லை. அதே மாதிரிக் காயம், அதே மாதிரி எரிவு, ஆனால் பரிவு நரம்பை மரக்கச் செய்தாலும் மாறாத ஆட்களும் நிறைய உண்டு. அண்ணைக்கு எது என்று நான் ரீச்சராக இருந்துகொண்டு முடிவு சொல்ல முடியாது. ஆனால் "வெடி பாதத்தில விழுகுது" என்று சொல்ல ஒரு மனிதனுக்கு உடல் ரீதியான காரணம் இருக்கிறது.

அல்பா-1ஐ ஒரு சொல்லில் கடந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். தேள் கடிக்குச் செய்யும் வைத்தியத்தில் அதைப் பார்க்கலாம். யாழ்ப்பாணத்தில் செந்தேள் கொட்டினால் உடம்பு முழுவதும் அட்ரினலின் புயல் அடிக்கும்: வேர்வை, குளிர்ந்த கை, படபடக்கும் நெஞ்சு. அதற்கு அல்பா-1ஐ மூடும் பிரசோசின் கொடுப்பார்கள். மகாராஷ்டிரத்தின் மகாட் என்ற சிறு ஊரில் பவஸ்கர் என்ற மருத்துவர் எடுத்துக்காட்டிய வைத்தியம். ஆனால் 2020இல் ஜப்பானின் கியூசு பல்கலைக்கழகத்தில் மகோட்டோ சுடாவின் குழு சுண்டெலியில் கண்டது அல்பா-1ஐயும் நோவுக் கதையின் நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டது. முண்ணாணின் பின்கொம்பில் நரம்பு அல்லாத கலங்களும் இருக்கின்றன, விண்மீன் வடிவத்தில். அவற்றில் ஒரு கூட்டத்தில் அல்பா-1ஏ வாங்கி இருக்கிறது. நீலப்புள்ளியிலிருந்து இறங்கிவரும் நோரட்ரினலின் அதைத் தட்டினால், எலியின் பாதம் தொடுகைக்கே கூசத் தொடங்குகிறது. அந்த வாங்கியை மட்டும் எடுத்துவிட்டால் கூச்சம் வரவில்லை. நரம்பு நோவுக்குக் கொடுக்கும் டுலொக்செட்டின் என்ற மருந்தும் முன்னரை விட நன்றாக வேலை செய்தது. ஒரே இடத்திலிருந்து புறப்பட்ட ஒரே பொருள், ஒரே பின்கொம்பில், பக்கத்துப் பக்கத்துக் கதவுகளில் எதிரெதிராக வேலை செய்கிறது. துருசும் வான்கதவும் இவ்வளவு கிட்டக் கிட்ட இருக்கும் என்று யார் நினைத்திருப்பார்கள்.

பீற்றாவை நான் கடைசிக்கு வைத்தது அண்ணையின் குளிசைக்காக.

கிளினிக்கில் அவருக்கு எழுதிக் கொடுத்தது அமிட்ரிப்டிலின். இரவில் ஒன்று. மருந்து எடுக்க வரிசையில் நின்றபோது பின்னால் நின்ற ஒருவர் துண்டைப் பார்த்துவிட்டு, "இது விசருக்குக் குடுக்கிற குளிசையெல்லோ" என்றிருக்கிறார். அண்ணை வீட்டுக்கு வந்து பக்கெட்டை அரிசிப் பேணிக்குப் பின்னால் வைத்துவிட்டார். எரிவு தாங்காத நாளில் மட்டும் ஒன்று போடுவார், கேட்காது, இன்னும் நம்பிக்கை போகும். பனடோலும் நோ எண்ணெயும்தான் அவருடைய வைத்தியம். இப்படி எத்தனை வீட்டில் எத்தனை பக்கெட் கிடக்கிறதோ.

அமிட்ரிப்டிலின் 1960களின் தொடக்கத்தில் மனச்சோர்வு மருந்தாக வந்தது, அது உண்மை. நரம்பு முனையில் வெளியான நோரட்ரினலின் உடனே திரும்ப உறிஞ்சப்படாமல் தடுக்கும். அதனால் வெளியே நோரட்ரினலின் கூட நேரம் நிற்கும். மனச்சோர்வு இல்லாதவருக்கும் நரம்பு எரிவு இதனால் குறைவதை மருத்துவர்கள் பல ஆண்டாகக் கண்டார்கள், மனச்சோர்வுக்குக் கொடுப்பதை விடக் குறைந்த அளவிலேயே. எந்த வாங்கி வழியாக என்பதுதான் தெரியாமல் இருந்தது. எல்லாரும் அல்பா-2 என்று நினைத்திருந்தார்கள்.

பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் இபெக் யல்சினும் மிஷேல் பறோவும் 2009இல் வேறு பதில் சொன்னார்கள். சுண்டெலியின் தொடையில் ஓடும் பெரிய நரம்பைச் சுற்றிச் சின்னக் குழாய்த்துண்டு ஒன்றை மாட்டினார்கள். அண்ணைக்கு பீஸ் ஏறியதும் அந்த இடத்தில்தான். எலியின் பாதம் மயிருக்கே கூசத் தொடங்கியது. இந்த வகை மருந்தை ஒரு நாள் கொடுத்தார்கள். நிலைத்த பலன் இல்லை. இரண்டு மூன்று கிழமை தொடர்ந்து கொடுத்தார்கள். பாதம் பழைய நிலைக்குத் திரும்பியது. அதே சோதனையை பீற்றா-2 வாங்கி இல்லாமல் பிறந்த எலிகளில் செய்தார்கள். எத்தனை கிழமை கொடுத்தும் பலன் இல்லை. தொய்வு வருத்தத்துக்குக் கொடுக்கும் பீற்றா-2 மருந்துகளைத் தொடர்ந்து கொடுத்தபோது எலியின் கூச்சம் அவற்றாலும் குறைந்தது. பிறகு 2013இல் அதே குழு, இந்த வேலை பெரும்பாலும் மூளையில் நடக்கவில்லை, வெளியே உணர் நரம்பு முடிச்சுகளில் நடக்கிறது என்று காட்டியது. அங்கே அழற்சியைத் தூண்டும் ஒரு புரதம் பீற்றா-2 வழியாகக் குறைந்தது.

இதை அண்ணையிடம் சொல்ல எனக்கு ஒரு பின்னேரம் முழுவதும் எடுத்தது. மண்ணில் தடியால் கீறித்தான் சொன்னேன். இங்கே உங்கள் முதுகெலும்பு, இங்கே முடிச்சு, இது தொடை, இது பாதம். குளிசை வேலை செய்வது இங்கே. தலைக்குள் என்ன இருக்கிறதோ இல்லையோ, எலிக்கு விசர் பிடித்து அவர்கள் இதைக் கொடுக்கவில்லை, கால் நரம்பு நெரிந்ததற்குக் கொடுத்தார்கள். எரியும் நாளில் மட்டும் போட்டால் வேலை செய்யாததற்கும் காரணம் அதுதான். அந்த அழற்சி அடங்கக் கிழமைகள் வேண்டும்.

பீற்றாவையும் நான் நல்ல பிள்ளையாக்கிவிட விரும்பவில்லை. நோரட்ரினலினை உடைக்கும் நொதியம் ஒன்று உண்டு. 2007இல் எலிகளில் அதைத் தடுத்தபோது நோ கூடியது, அது கூடியது பீற்றா-2, பீற்றா-3 வழியாக. ஒரு நாள் திடீரென்று வெள்ளமாக வந்தால் நோவைக் கூட்டும் வாங்கி, கிழமைக்கணக்கில் மெல்ல ஊறினால் நோவைக் குறைக்கிறது. எலிக்கும் மனிதருக்கும் இடையில் தூரம் இருக்கிறது என்பதும் மறக்கக் கூடாதது. அமிட்ரிப்டிலின் எல்லாருக்கும் கேட்பதில்லை; பலருக்கு ஓரளவு, சிலருக்கு ஒன்றுமே இல்லை. வாய் காயும், விடிய எழும்பத் தலை பாரமாக இருக்கும், வயதானவருக்குச் சலம் போவது கடினமாகலாம், இருதய வருத்தம் உள்ளவர் கட்டாயம் டொக்டரிடம் அதைச் சொல்ல வேண்டும், நினைத்தபடி திடீரென்று நிறுத்தவும் கூடாது. தொய்வு மருந்து எலியில் வேலை செய்தது என்பதற்காக யாரும் பம்பை எடுத்து நோவுக்கு இழுக்கவும் வேண்டாம்.

அண்ணை அடுத்த கிளினிக்குக்குப் போனபோது, குளிசையை ஒழுங்காகப் போடவில்லை என்பதை முதல் தடவையாக டொக்டரிடம் சொன்னார். வெடிச் சத்தத்தையும் சொன்னார். டொக்டர் பேனையை வைத்துவிட்டு, பாதத்தின் எந்தப் பக்கம் என்று தொட்டுத் தொட்டுக் கேட்டாராம். பஞ்சுத் துண்டால் ஒரு முறை, ஊசி நுனியால் ஒரு முறை. பழைய அளவிலேயே தொடங்கி, ஒவ்வொரு இரவும், ஒரு மாதத்துக்குப் பிறகு வரச் சொன்னார்.

நாலாம் கிழமை நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவர் கிணற்றடியில்தான் நின்றார். வாளியும் இருந்தது, தண்ணீரும் ஊற்றினார். பிறகு தோளில் கிடந்த துவாயை எடுத்து, சின்ன விரல் பக்கமாக மெல்ல ஒற்றிப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் எரியுது ரீச்சர்" என்றார். துவாயை எடுக்கவில்லை.